விசிறித்தூள்

விசிறித்தூள் என்பது வழவழப்பான சீட்டுகளை எளிதாகக் கலைக்கவும் விசிறிபோல் விரிக்கவும் மாயவித்தைக்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளைத் தூளாகும். வேதியியல்படி இது துத்தநாக இசுட்டியரேட்டு, நீரில் கரையாது.

பளபளப்பான சீட்டுகள் புதிதில் கையை விட்டு நழுவும். சில நாள் ஆடியபின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் காற்று தங்க இடமில்லாத சமதளப் பரப்பு ஒட்டுதலை இன்னும் கூட்டுகிறது. 'பைசிக்கிள்' வகைச் சீட்டுகளில் நுண்ணிய குழிகள் பொறிக்கப்படுவது இதனால்தான். குழிகளற்ற கட்டுகளுக்கே தூள் பெரிதும் தேவைப்படுகிறது.

முதலில் சீட்டுகளை உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும். பின்பு ஒரு பையில் சிட்டிகைத் தூளுடன் இட்டுக் குலுக்கி, எஞ்சியதைத் துடைத்துவிடலாம். தூள் மிகுந்தால் சீட்டுகள் கையில் நில்லாமல் சிதறும். முகப்பவுடர் நல்ல மாற்றன்று. வியர்வையோடு சேர்ந்து கட்டிபிடிக்கும். முழுவதும் நெகிழியாலான சீட்டுகளுக்குத் தூளே வேண்டாம், சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால் போதும். காகிதச் சீட்டுகளோ ஊறிப்போகும்.

இத்தூளை உள்ளிழுப்பது தீங்கானது. முன்பு இது அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரிலும் சேர்க்கப்பட்டது. அதை உள்ளிழுத்த கைக்குழந்தைகள் நுரையீரல் அழற்சியால் இறந்ததும் உண்டு. எனவே பையின் வாயைக் கட்டிய பிறகே குலுக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் அறையில் தூளைத் திறக்கவே கூடாது.