வலைப்பதிவுகளைப் பேணிக் காத்தல்

அச்சிட்ட நூல் ஒன்று பல படிகளாக நாடெங்கும் பரவிவிடுகிறது. ஒரு நூலகத்தில் கரையான் அரித்தாலும் மற்றொரு நூலகத்தில் அந்நூல் கிடைக்கும். வலைப்பதிவின் நிலை இதற்கு மாறானது. பல்லாயிரம் பேர் படித்தாலும் அதன் மூலம் இருப்பது பெரும்பாலும் ஒரே வழங்கிக் கணினியில்தான். அந்தக் கணினி பழுதுபட்டால் பத்தாண்டு உழைப்பு ஒரே இரவில் மறைந்துவிடக்கூடும். கல்லூரித் துறைகளும் ஊராட்சிகளும் தொண்டு நிறுவனங்களும் இன்று தம் செய்திகளை வலைத்தளம் வாயிலாகவே வெளியிடுகின்றன. ஆதலின் தளத்தைத் திருத்தியமைத்தல், காப்புநகல் எடுத்தல், கோளாறு நீக்குதல் ஆகிய மூன்றையும் அவற்றை நடத்துவோர் அறிந்திருப்பது இன்றியமையாதது.

தளத்தின் அமைப்பு

வலைப்பதிவு நடத்த உலகெங்கும் பரவலாகப் பயன்படும் மென்பொருள், 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளியான வேர்ட்பிரஸ் ஆகும். அதில் அமைந்த தளம் இரு பகுதிகளைக் கொண்டது. கட்டுரைகள், வாசகர் கருத்துகள், அமைப்பு விவரங்கள் ஆகியவை தரவுத்தளத்தில் உள்ளன. படங்கள், தோற்றத்தை வகுக்கும் வார்ப்புரு, கூடுதல் வசதி தரும் செருகுநிரல்கள் ஆகியவை கோப்புகளாக உள்ளன. இவ்விரண்டில் ஒன்று இல்லையேல் மற்றொன்றால் முழுப் பயனில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவருக்குப் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

திருத்தியமைத்தல்

வார்ப்புருவின் மூலக் கோப்புகளில் நேரடியாக மாற்றம் செய்வது பலரும் செய்யும் தவறு. வார்ப்புருவின் புதிய பதிப்பை ஏற்றியவுடன் அம்மாற்றங்கள் அழிந்துபோகும். இழப்புக்கு அஞ்சிப் புதுப்பிக்காமல் விட்டாலோ, பழைய பதிப்பின் ஓட்டைகள் வழியே அயலார் நுழைவர். மூல வார்ப்புருவைத் தொடாமல் ‘சேய் வார்ப்புரு’ ஒன்றை உருவாக்கி, மாற்றங்களை அதில் எழுதுவதே முறை. செருகுநிரல்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. பயன்படாதவற்றை நிறுத்திவைப்பதோடு அமையாமல் நீக்கிவிட வேண்டும்.

காப்புநகல்

மூன்று படிகள், இரு வகைச் சேமிப்புச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படி வேறோர் இடத்தில் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட விதி. இதன் தேவையைச் சில நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு பெரிய தரவு மையம் தீக்கிரையாயிற்று. காப்புநகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் மூலத்தையும் நகலையும் ஒருங்கே இழந்தனர். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரத்து அரசுத் தரவு மையத்தில் நேர்ந்த தீ விபத்தில், அரசு அலுவலர்களின் 858 டெராபைட் கோப்புகள் வெளி நகலின்றி அழிந்தன.

நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து தளத்தை மீட்டுப் பார்க்கவும் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அன்றாடக் காப்புநகல்கள் உருவாகாமலே இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரை அடையவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுக்கப்பட்ட நகல் ஒன்றே அந்நிறுவனத்தைக் காத்தது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மென்பொருள் தரும் ‘ஏற்றுமதி’க் கோப்பில் கட்டுரைகளும் கருத்துகளும் இருக்கும், படங்களோ முகவரிகளாக மட்டுமே இருக்கும். பழைய தளம் மறைந்தால் படங்களும் மறையும். எனவே படக் கோப்புகளைத் தனியே சேமித்தல் வேண்டும்.

இந்திய மொழிகளுக்கு உரிய இடர்

ஆங்கிலத் தளங்களில் அரிதாகவே நேரும் ஓர் இடர் தமிழ், இந்தி, வங்காளம் போன்ற மொழித் தளங்களுக்கு உண்டு. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட் இடம் கொள்கிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்கிறது. தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றும்போது குறியீட்டு முறை பிறழ்ந்தால் கட்டுரைகள் படிக்க இயலாதவை ஆகின்றன.

இப்பிறழ்வு இரு வகைப்படும். தமிழுக்குப் பதிலாக மேற்குறி இட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தோன்றினால், பைட்டுகள் பெரும்பாலும் சிதையாமல் உள்ளன. தவறான முறையில் படிக்கப்படுகின்றன என்பதே பொருள். சரியான குறியீட்டைக் குறித்தால் எழுத்துகளை மீட்கலாம். வெறும் கேள்விக்குறிகள் தோன்றி, அவ்வாறே தரவுத்தளத்தில் பதிவாகியும் விட்டால், மூல எழுத்து அழிந்துபோயிற்று. பழைய நகல் ஒன்றே கதி. ஆகவே பழைய தளத்தை மூடுமுன் புதிய தளத்தில் சில கட்டுரைகளைத் திறந்து, உயிர்மெய்களும் கூட்டெழுத்துகளும் சரியாக உள்ளனவா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு நீக்குதல்

தளம் திறக்கவில்லையெனில் முதலில் வேறொரு கருவியிலும் வேறோர் இணைய இணைப்பிலும் முயன்று பார்க்க வேண்டும். கோளாறு தளத்தில்தான் என்று உறுதியானால், கடைசியாகச் செய்த மாற்றம் எது என ஆராய்தல் வேண்டும். கை வைக்குமுன் உள்ளது உள்ளவாறே ஒரு நகல் எடுப்பது நலம். பின் செருகுநிரல்கள் அனைத்தையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக இயக்கினால் குற்றவாளி அகப்படும். நிர்வாகப் பக்கமே திறக்காவிடில் செருகுநிரல் கோப்புறையின் பெயரை மாற்றினாலே அவை யாவும் நின்றுவிடும். தரவுத்தள இணைப்பு இல்லை என்ற செய்தி வந்தால், அமைப்புக் கோப்பில் உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்க வேண்டும். தளப்பெயரின் கெடு முடிந்துபோனதும், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதும் தளம் முடங்கக் காரணமாவதுண்டு.

நிர்வாகப் பொறுப்பு

இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் முதலில் வெளியாயின. மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் ‘செர்ட்-இன்’ அமைப்பு, 2022 ஏப்ரல் 28 அன்று ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அதன்படி அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் இணையத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இயக்கப் பதிவேடுகளை 180 நாள் பேண வேண்டும்.

எனினும் விதிகள் தாமே தளத்தைக் காத்துவிடா. கடவுச்சொல் ஒரே அலுவலரிடம் இருந்து, அவர் மாறுதலில் சென்றுவிட்டால் தளம் அநாதையாகிவிடும். உரிமைக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருத்தல், பொறுப்பு மாறும்போது கடவுச்சொற்களைப் புதுப்பித்துக் கையளித்தல், காப்புநகலை மீட்டுப் பார்த்த நாளைப் பதிவேட்டில் குறித்தல் ஆகிய மூன்றும் செலவற்ற சீர்திருத்தங்கள். அலுவலகக் கோப்பு காணாமற்போனால் விளக்கம் கேட்கப்படுகிறது. மக்கள் நம்பிப் படிக்கும் வலைப்பக்கத்துக்கும் அத்தகைய பொறுப்பு உண்டு என்ற உணர்வு வேரூன்றினால், மொழியிலும் நிர்வாகத்திலும் இன்று பதிவாகும் செய்திகள் அடுத்த தலைமுறைக்கும் எஞ்சி நிற்கும்.