பண்பாடு என்னும் ஒற்றைச் சொல்

தை பிறந்துவிட்டால் எங்க செம்பட்டி முக்கை மூன்று வகைக் கூட்டம் கடக்கும். பழனிக்கு நடக்கிற பாதயாத்திரைக்காரர்கள், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிற கார்கள், மினிலாரியில் நின்றபடி வாடிவாசலுக்குப் போகிற காளைகள். முதல் இரண்டையும் பண்பாடு, சுற்றுலா என்று பிரித்து எழுதிவிடலாம். காளைதான் எந்தப் பத்தியிலும் அடங்காது. அது விளையாட்டா, மரபா, வதையா?

2014 மே 7இல் உச்சநீதிமன்றம் வதை என்றது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று தள்ளியது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் கூட்டம் திரண்ட பிறகு சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. விதிகள் மாறியிருப்பதைக் கணக்கில் கொண்டதோடு, இது பண்பாட்டு மரபுதான் என்று சட்டமன்றம் முடிவு செய்தபின் தான் தலையிடுவதற்கில்லை என்றும் சொன்னது. ஆக, மரபு எது என்பது சட்டமன்றத்தில் தீர்மானமாகிறது.

திருத்தத்தின் வரையறையைக் கவனியுங்கள். மரபையும் பண்பாட்டையும் பின்பற்றும் நோக்கில் ஜனவரி முதல் மே வரை நடத்தப்படும் காளை நிகழ்ச்சி ஜல்லிக்கட்டு. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா மூன்றும் அதற்குள் அடக்கம். பொட்டலில் அவிழ்த்துவிடுவது வேறு, வடத்தில் கட்டிய மாட்டோடு ஒன்பது பேர் மல்லுக்கட்டுவது வேறு, வடமாவட்டங்களில் ஓடவிட்டு நேரம் பார்ப்பது வேறு. தப்பிக்க வேண்டி எல்லாம் ஒரே பெயருக்குள் நுழைந்தன.

ஸ்பெயினில் கதலோனியா 2010இல் காளைப்போரைத் தடை செய்தது. 2016இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பண்பாட்டு மரபில் மைய அரசுக்கும் அதிகாரம் உண்டு என்பது அதன் வாதம். அங்கே மரபு மையத்தின் ஆயுதம், இங்கே மாநிலத்தின் கேடயம்.

கேடயம் வேண்டியதுதான். தமுக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஆனால் 'தமிழர் பண்பாடு' என்று ஒருமையில் கோஷம் போட்டபோது நாம் எதைப் பேசாமல் விட்டோம்? சின்ன வயசில் நான் பார்த்த ஓர் ஊரில், மாட்டுக்காரர் பெயரை மைக்கில் சாதிப் பட்டத்தோடுதான் சொல்வார்கள். பட்டம் இல்லாதவர் மாடு வெறும் 'அடுத்த மாடு'. டீக்கடையில் பெரியவர் ஒருவர் சொன்னார்: "கோயில் மாடு அவுகளுது, மொத மரியாதை அவுகளுக்கு. கொட்டு மட்டும் எங்களது தம்பி."

2024 ஜனவரி 24இல் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் அரசு கட்டிய அரங்கம் திறக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு அலங்காநல்லூரில் தனி மாடம் உண்டு. ஆன்லைனில் பதிந்து டோக்கன் வாங்குகிற முறையும் வந்தாச்சு. ஊர்ப் பெரியதனக்காரர் தயவில்லாமல் மாட்டை இறக்க அது ஒரு வழி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டோக்கன் மாட்டைத்தான் உள்ளே விடும். மரியாதையை ஊர்தான் தர வேண்டும்.

அந்தப் பெரியவரின் பேரன் இப்போது காளை வளர்க்கிறான். அது எங்க முக்கைக் கடந்து வாடிவாசலில் நிற்கும்போது மைக்கில் என்ன பேர் சொல்வார்கள்? நாம் காப்பாற்றியது யாருடைய பண்பாடு என்பது அப்போது தெரிந்துபோகும்.