வாலில் இருக்கிறது வேகம்

சிவகாசி, திருத்தங்கல் பக்கம் செய்யும் ராக்கெட் வெடியில் மருந்தெல்லாம் தலைப்பக்கத்துக் காகிதக் குழாயில்தான் இருக்கிறது. அதோடு சேர்ந்திருக்கும் நீளக் குச்சியில் மருந்து ஒரு துளியும் கிடையாது. ஆனாலும் குச்சி இல்லாத ராக்கெட் வானத்துக்குப் போகாது; சுழன்று சுழன்று எவர் வீட்டுக் கூரையிலாவது போய் விழும். பாயும் பொருளின் எடைக்கு ஒரு மையம் உண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும் விசைக்கும் ஒரு மையம் உண்டு. காற்றின் மையம் எடையின் மையத்துக்குப் பின்னால் இருந்தால் மூக்கு நேராக நிற்கும். முன்னால் வந்துவிட்டால் திரும்பிவிடும். காற்றின் மையத்தைப் பின்னுக்கு இழுப்பதுதான் குச்சியின் வேலை. பழைய பந்தய மோட்டார் சைக்கிளுக்கு ஃபேரிங் எனப்படும் காற்றுக் கூடு செய்பவர்களுக்கும் முதல் பாடம் இதுவே என்பேன். பார்ப்பவர் கண்ணெல்லாம் கூட்டின் மூக்கில் நிற்கிறது. விதிகளுக்குள் நின்று தேடினால், கிடைக்கக்கூடிய ஆதாயத்தில் பெரும்பங்கு ஓட்டுநரின் முதுகுப் பக்கம் இருக்கிறது.

மூக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதை 1950களிலேயே பார்த்துவிட்டார்கள். இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் மாண்டெல்லோ ஊரில், முழு வண்டியையும் அதன்மேல் ஓட்டுநரையும் வைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கமே கட்டியது. முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய அன்றைய கூட்டுக்குத் தோற்றத்தை வைத்து ‘டஸ்ட்பின்’ என்று பெயர். அந்த நிறுவனத்தின் 500 சிசி, 8 சிலிண்டர் வண்டி 1957இல் மணிக்கு 275 கிலோமீட்டரைத் தாண்டியது அப்படியொரு கூட்டோடுதான். ஆனால் அவ்வளவு பெரிய பரப்பு முன்னால் இருந்தபோது பக்கக் காற்று அடித்தாலே வண்டி பாதை மாறியது. அது குச்சி இல்லாத ராக்கெட்டின் கதைதான். உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். 1958 முதல் அதற்குத் தடை போட்டது. முன்சக்கரம் வெளியே தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் முன்கை தவிர ஓட்டுநரின் உடம்பு தெரிய வேண்டும். அதற்குக் கண்ணாடி போன்ற பொருளை வைத்துச் சமாளிக்கவும் கூடாது. பின்னால் எதுவும் பின்சக்கர டயரின் விளிம்பைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் பிறந்ததுதான் ‘டால்பின்’ கூடு. பழைய வண்டிப் பந்தயங்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான்.

இனிப் பின்பக்கத்துக்கு வருவோம். கெண்டை மீனைப் பாருங்கள்: முன்னே பருத்து, பின்னே மெல்ல ஒடுங்குகிறது. காற்றைப் பிளப்பது சுலபம். பிளந்த காற்றை அமைதியாக மூட வைப்பதுதான் கடினம். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் காற்று மூடாமல் சுழன்றால் அங்கே அழுத்தம் குறைந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. இருக்கைக்குப் பின்னால் எழும் சிறு திமில் அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். எங்கே காற்று பிரிகிறது என்று அறியக் காற்றுச் சுரங்கம் வேண்டியதில்லை. விரல் நீளக் கம்பளி நூல்களைக் கூட்டிலும் திமிலிலும் வரிசையாக ஒட்டி ஓட விட்டு, பக்கத்து வண்டியிலிருந்து படம் எடுத்தால் போதும். நூல் படிந்து கிடக்கும் இடத்தில் காற்று ஒட்டிப் போகிறது. நூல் துடித்தாலோ முன்பக்கம் திரும்பிப் படுத்தாலோ அங்கே காற்று பிரிந்துவிட்டது. பெரும்பாலும் முழங்கைக்குப் பின்னாலும் இடுப்புக்கு மேலும்தான் நூல் துடிக்கும்.

வடிவத்துக்கு விதிகளால் இப்படிக் கட்டுப்போட்டால் புதுமை செத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய கணினியையும் கார்பன் இழையையும் தடையின்றி விட்டால் பழைய வண்டி வேகமாகத்தான் ஓடும். ஆனால் அப்போது ஓடுவது பழைய வண்டியாக இருக்காது, பந்தயம் பணப்பைகளுக்கு இடையே நடக்கும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. மறைப்பில்லாத அந்த வெட்டவெளியில் பக்கக் காற்றோடு முன்சக்கரம் மூடிய வண்டியை நினைத்துப் பாருங்கள். விதியின் நியாயம் விளங்கும்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற சின்னப் பாதையில் கூட்டால் என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி, இது வலுவானதும்கூட. வளைவுகள் மிகுந்த பாதையில் எடையும் பிரேக்கும்தான் முதலில். ஆனாலும் காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது: வேகம் 10 விழுக்காடு கூட, திறன் 33 விழுக்காடு கூட வேண்டும். அங்கே 2021இல் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கோப்பையில் ஓடும் 650 சிசி வண்டியின் சாலை வடிவத்துக்கு 47 குதிரைத்திறன். அதன் உச்ச வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்த இன்னும் சுமார் 15 குதிரைத்திறன் தேவை. எல்லாருக்கும் ஒரே வண்டி என்ற போட்டியில் அதை எஞ்சினிலிருந்து எடுக்க வழியில்லை. தாடையை டேங்கில் பதித்து, முழங்கையை உள்ளே மடக்குபவருக்கே ஆதாயம்.

மூன்றாவது எதிர்வாதம் நம் வெயிலிலிருந்து வருகிறது. காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் எஞ்சினைக் கூட்டால் மூடினால் சூடேறாதா? ஏறும், சூடான காற்று வெளியேற வழி வைக்காவிட்டால். பலர் முன்வாயைத்தான் பெரிதாக்குகிறார்கள்; உள்ளே நுழைந்த காற்று முட்டி நின்று, வாயைச் சுற்றி வழிந்து, இழுவையையும் கூட்டிவிடுகிறது. முன்வாயை அப்படியே விட்டு, கூட்டின் பக்கவாட்டில் அழுத்தம் குறைந்த இடத்தில், பின்னோக்கித் திறக்கும் ஒரு கீறலை வெட்டினால் எஞ்சினின் அனல் தானாக வெளியே உறிஞ்சப்படும். அந்த இடத்தையும் கம்பளி நூல் காட்டிக்கொடுக்கும்.