நோய்க்குறியும் கிருமியளவும்

இத்தாலியில் பதுவா நகரருகே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த வோ என்னும் சிற்றூர் உள்ளது. 2020 பிப்ரவரி 21-ஆம் நாள் அந்நாட்டின் முதற் கோவிட் மரணம் இவ்வூரார் ஒருவருக்கே நேர்ந்தது. ஊர் அடைக்கப்பட்டது, ஏறக்குறைய 3,200 மக்களுள் பெரும்பாலோர் சோதிக்கப்பட்டனர். நூற்றுக்கு 2.6 பேரிடம் கிருமி இருந்தது. இரு சோதனைகளிலும் கிருமி காணப்பட்டோருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் காய்ச்சல், இருமல் முதலிய நோய்க்குறி எதுவுமில்லை. எனினும் அவர்தம் கிருமியளவு நோயுற்றோருடையதினின்றும் குறிப்பிடத்தக்க வேறுபாடு உடையதாயில்லை. (கூட்டுத்தொகை பொருந்திய பேரேட்டிலும் குறை கண்ட அனுபவம் எமக்குண்டு.) இருமாதவரும் இருமுபவரைப் போன்றே நோயைப் பரப்புவர் என்று இதனாற் கொள்ளலாகாது, இச்சோதனை கிருமியின் மரபுப்பொருளை அளப்பதேயன்றி, அக்கிருமி தொற்றவல்லதா என்று காட்டாது. ஆயினும் நோய்க்குறியற்றோரும் வீட்டிலேயே தனித்திருக்கச் செய்யப்பட்டனர். அடைப்பு முடியும் தறுவாயில் மீண்டும் சோதித்தபோது அவ்விகிதம் 1.2 ஆகக் குறைந்திருந்தது.