சக்கரம் ஏன் நடுங்குகிறது?

உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயர் செய்யவே பயன்படுகிறது. நாம் வெட்டியெடுக்கும் பால் டயராக மாறி, நம் தோட்டத்துச் செம்மண் பாதைக்கே திரும்பி வருகிறது. அந்த டயரைத் தாங்கும் சக்கரத்தைப் பற்றியும் நாம் சிறிது அறிந்திருத்தல் நலம்.

ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களில், தோட்டத்தில் வேலை செய்வோரிலும் தோட்டத்தை விட்டு வெளியேறியோரிலும் பழைய ஹைலக்ஸ், டிரைட்டன், ஜிம்னி போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்களை வைத்திருப்போர் உளர். அவர்களுள் சிலர் இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஒருவர் பயன்படுத்திக் கழித்த அலுமினியக் கலவைச் சக்கரங்களை, அஃதாவது 'ஸ்போர்ட் ரிம்' என்பவற்றை, மலிவாக வாங்கிப் பூட்டுகின்றனர். தோட்டப் பாதையில் மெதுவாகச் செல்லும்வரை குறை தெரிவதில்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டியரிங் கைகளில் நடுங்கத் தொடங்குகிறது. பட்டறையில் பேலன்சிங் செய்தும் நடுக்கம் நீங்குவதில்லை. காரணம் என்ன?

நடுத்துளையின் அளவு

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் குடம் இருப்பதுபோல் மோட்டார் வாகனத்துக்கும் 'ஹப்' எனும் குடம் உண்டு. சக்கரத்தின் நடுத்துளை அதன்மீது இடைவெளியின்றி அமர்ந்தால், சக்கரம் தானே மையத்தில் நிற்கும்.

நான்கு சக்கர இயக்கமுடைய ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நட்டுகள் ஆறு. நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டமும் ஒன்றே: 139.7 மில்லிமீட்டர். ஆதலால் ஒன்றின் சக்கரம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என எண்ணிவிடுகிறோம். ஆனால் நடுத்துளை ஹைலக்ஸுக்கு ஏறக்குறைய 106, ரேஞ்சருக்கு 93, டிரைட்டனுக்கு 67 மில்லிமீட்டர். ஹைலக்ஸின் சக்கரத்தை டிரைட்டனில் பூட்டினால், குடத்தைச் சுற்றி ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் இடைவெளி விழும். சக்கரத்தை மையத்தில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் நட்டுகளின்மேல் ஏறுகிறது. அவை சற்றே கோணலாக இறுகினாலும் சக்கரம் மையம் விலகிச் சுழலும்.

பேலன்சிங் இயந்திரமோ சக்கரத்தை அதன் நடுத்துளையைக் கொண்டே பிடிக்கிறது. ஆகவே இயந்திரத்தில் குறை தெரியாது, வாகனத்தில்தான் தெரியும். இதற்கு மருந்து, இடைவெளியை நிரப்பும் அளவான மையவளையம் ஆகும்.

நட்டின் வடிவம்

நட்டுகளிலும் வேறுபாடு உண்டு. சில சக்கரங்களுக்குக் கூம்பு முனை நட்டு வேண்டும். டொயோட்டாவின் அலோய் சக்கரங்கள் பலவற்றுக்குத் தட்டையான வாஷருடன் கூடிய நட்டு வேண்டும். இரும்புச் சக்கரத்தின் கூம்பு நட்டை அத்தகைய சக்கரத்தில் போட்டால், அது சரியாகப் பதியாது, ஓட்டத்தில் தளரும். முடிவில் போல்ட் முறிந்து, ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடலாம். ஆதலால் நடுக்கத்தை வெறும் தொல்லை எனக் கருதலாகாது. அது உயிரைக் காக்க வந்த எச்சரிக்கையும் ஆகலாம்.

சோதிக்கும் முறை

1. நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா எனப் பாருங்கள். பின்னர்ச் சக்கரத்தின் உட்புறத்தை நன்கு கழுவுங்கள். காய்ந்து ஒட்டிய செம்மண்ணே நடுக்கத்துக்குப் போதிய காரணமாகும். இதற்குச் செலவில்லை.

2. நடுக்கத்தின் இடத்தைக் கவனியுங்கள். ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம். பிரேக் அழுத்தும்போது மட்டும் தெரிந்தால் பிரேக் தட்டு. மெதுவாகச் செல்லும்போதே நொண்டுவதுபோல் ஆடினால், ரிம் வளைந்தோ டயர் உள்ளே பழுதுற்றோ இருக்கலாம்.

3. பழைய இரும்புச் சக்கரங்களை அவற்றுக்குரிய நட்டுகளுடன் மீண்டும் பூட்டி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் மறைந்தால் குறை புதிதாய்ப் பூட்டியவற்றில் உள்ளது. மறையாவிடில் பேரிங், ஸ்டியரிங் மூட்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஜிம்னி, பழைய லேண்ட் ரோவர் போன்ற முழு அச்சு வாகனங்களில் இம்மூட்டுகள் தேய்ந்திருந்தால், சிறு குறையும் பெருங்குலுக்கலாக மாறும்.

4. சமதளத்தில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். ரிம்மின் விளிம்பருகே ஒரு குச்சியை அசையாமல் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். இடைவெளி 1 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கலாம். விரிசல் கண்ட ரிம்மை ஒட்டவைத்துப் பயன்படுத்தலாகாது; கழித்துவிட வேண்டும்.

5. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. புடைப்போ வெடிப்போ உள்ள டயரை ஏற்காதீர்கள்.

வாங்குமுன் கவனம்

பழைய சக்கரம் வாங்கச் செல்லும்போது அளவுகோல் ஒன்றை எடுத்துச் சென்று, நடுத்துளையை அளந்து பாருங்கள். அதற்குரிய நட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, வாகனக் கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்த்தல் வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும். அதே வாகனத்தில்தான் நம் பிள்ளைகளும் பயணம் செய்கின்றனர் என்பதை மறவாதிருப்போமாக.