மீட்பு வழி (ஜெர்மனி)

மீட்பு வழி என்பது, நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற்படும்போது ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காவல்துறை வண்டி ஆகியவை செல்வதற்காக ஓட்டுநர்கள் நடுவே விட்டுவைக்கும் பாதையாகும். ஜெர்மன் மொழியில் இது ரெட்டுங்ஸ்காசே எனப்படும்.

ஜெர்மனியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்புறமும், மற்றத் தடங்களில் இருப்பவர்கள் வலப்புறமும் ஒதுங்க வேண்டும்.

சைரன் கேட்ட பிறகு ஒதுங்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. வண்டிகள் நடைவேகத்துக்குக் குறைந்ததுமே வழிவிட வேண்டும் என்பது சட்டம். நெருக்கியடித்து நின்றுவிட்டால் பிறகு எவராலும் நகர முடியாது. அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவி தாமதமாகும். முதல் வண்டி போனதும் வழியை அடைக்கக் கூடாது; அடுத்தடுத்தும் வண்டிகள் வரக்கூடும்.

வழிவிடாதவர்களுக்கு 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும் விதிக்கப்படுகின்றன. ஆஸ்திரியாவிலும் 2012 முதல் இவ்விதி உள்ளது.