ஓட்டே இல்லாத காலத்திலும் ஜெய்ஹிந்த்! அருணாச்சலம் பற்றி இதெல்லாம் தெரியுமா?

இந்தியாவுக்குள் இருக்கும் ஒரு பகுதியை வெளியுறவு அமைச்சகம் நிர்வாகம் செய்தது தெரியுமா? நம்பித்தான் ஆகவேண்டும்! மேற்கே பூட்டான், வடக்கே சீனா, கிழக்கே மியான்மர் என்று மூன்று பக்கமும் வெளிநாடு சூழ்ந்த இன்றைய அருணாச்சலப் பிரதேசம்தான் அது. ‘நேஃபா’ என்று அழைக்கப்பட்ட அந்த மலைநாடு, 1965 வரை உள்துறையின் கைக்கு வரவே இல்லை.

இதைக் கேளுங்கள்! 1962-ல் சீனப் படை தவாங்கையும் வாலோங்கையும் பிடித்தபோது, அங்கே வாழ்ந்த மக்களுக்கு மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையே கிடையாது. அவர்கள் சார்பில் ஓர் உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், அவ்வளவுதான். அவர்கள் முதன்முதலாக நேரடியாக வாக்களித்தது 1977-ல்! எல்லைப் போரின் முழு அடியையும் வாங்கியவர்கள், அதற்குப் பிறகும் 15 வருடம் காத்திருந்தார்கள். இன்றைக்கும் அங்கே சாலையோரத்துப் பிள்ளைகள் ராணுவ வண்டியைக் கண்டால் ‘ஜெய்ஹிந்த்’ என்று குரல் கொடுக்கிறார்கள் என்றால், அந்தப் பற்றை என்னவென்று சொல்வது!

ஒரே ஒரு வாக்காளருக்கு ஒரு வாக்குச்சாவடி அமைத்தார்கள், தெரியுமா? சீன எல்லையை ஒட்டிய அஞ்சாவ் மாவட்டத்து மாலோகாமில் ஒரு பெண்மணிக்காக, 2024 தேர்தலில் அதிகாரிகள் எந்திரத்தைச் சுமந்துகொண்டு 39 கிலோமீட்டர் மலைவழி போனார்கள்.

நிஷி, ஆதி, மோன்பா, அபதானி, மிஷ்மி என்று 26 பெரும் பழங்குடிகள். ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு அடுத்த பள்ளத்தாக்குக்குப் புரியாது. அப்படியானால் சந்தையில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? இந்தியில்! ஆண்பால் பெண்பால் என்று அதிகம் அலட்டிக்கொள்ளாத, அவர்களே தங்களுக்காக வளைத்துக்கொண்ட இந்தி. இந்தி என்றால் நம் ஊரில் எழும் கேள்விகள் வேறு, நியாயமானவை. அங்கே அதன் கதையே வேறு.

பாஸ்போர்ட் கதை தெரியுமா? அருணாச்சலத்தையே தன் நிலம் என்கிறது சீனா. 2023-ல் செங்டு உலகப் பல்கலைக்கழக விளையாட்டுக்குப் புறப்பட்ட மூன்று வூஷு வீராங்கனைகளுக்கு, விசாவைப் பாஸ்போர்ட்டில் பதிக்காமல், தனித்தாளில் எழுதி ஸ்டேபிள் அடித்துக் கொடுத்தது. அப்படிப்பட்ட விசாவை ஏற்காத இந்தியா, வூஷு அணியையே அனுப்பவில்லை. அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டிக்கும் அந்த மூவரால் போக முடியவில்லை. எத்தனை வருடப் பயிற்சி! இந்தியர் என்பதற்கு இந்த விலையை நம்மில் யார் கொடுத்திருக்கிறோம்?

ஹங்பன் தாதா யார் தெரியுமா? திராப் மாவட்டத்துப் போர்தூரியா கிராமத்துக்காரர், ராணுவ ஹவில்தார். நாட்டின் வடகிழக்கு மூலையில் பிறந்தவர், 2016 மே மாதம் காஷ்மீர் எல்லையில், பனிமலை உச்சியில் ஊடுருவல்காரர்களோடு மோதி உயிர் கொடுத்தார். அமைதிக்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான அசோகச் சக்கரத்தை அவர் மனைவி பெற்றுக்கொண்டார்.

இத்தனை செய்தவர்களின் பிள்ளைகளை டெல்லித் தெருவில் “நீ சீனாக்காரனா?” என்று கேட்கிறார்கள். நெஞ்சு கொதிக்கிறது! 2014-ல் அருணாச்சல மாணவர் ஒருவர், தோற்றத்தைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் டெல்லியில் தாக்கப்பட்டு இறந்தார். அதன்பின் மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, வடகிழக்கின் வரலாற்றை எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்கச் சொன்னது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் சமூக அறிவியல் புத்தகத்தை இன்றே புரட்டுங்கள். ஹங்பன் தாதாவின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.